ஊரெல்லாம் ஆஸ்பத்திரி, பில் மட்டும் ஏன் இறங்கவில்லை?

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் வலி. பார்த்த டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தார். சீட்டின் மேலேயே ஒரு ஸ்கேன் சென்டரின் பெயர் அச்சாகி இருந்தது. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுக்க வேறு இடமா இல்லை என்று நினைத்து, இன்னும் இரண்டு சென்டர்களுக்குப் போன் செய்தேன். இரண்டு இடத்திலும் விலையைச் சொல்வதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்வி: "எந்த டாக்டர் அனுப்பினாங்க?" யாரும் அனுப்பவில்லை, நாங்களாகத்தான் கேட்கிறோம் என்றேன். ஒரு இடத்தில் போன் எடுத்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா குறைச்சுப் போட்டுத் தரலாம் அண்ணா" என்றார். அவர் குறைத்த தொகை மட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.

அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் யாருக்குப் போக இருந்தது? அதை யோசித்துக்கொண்டே போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

மருத்துவச் செலவு கூடிவிட்டது என்று பேச்சு வரும்போதெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஆஸ்பத்திரிகள் பெருகட்டும், தங்களுக்குள் போட்டி போடட்டும், விலை தானாக இறங்கும். செல்போனில் நடந்தது இதுதானே, விமான டிக்கெட்டில் நடந்தது இதுதானே என்பார்கள். இந்த வாதம் சரியா என்று பார்க்க எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல், மாநிலத்திலேயே முதலிடம். நெய்யூரில் லண்டன் மிஷன்காரர்கள் 1838இலேயே மருத்துவ வேலையைத் தொடங்கிவிட்டார்கள். எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் 1922இல் அங்கே வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கி வேலை செய்தார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியும் நூறாண்டு கடந்தது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவது எங்களுக்குப் புதுப் பழக்கம் இல்லை. இன்றைக்கு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஆஸ்பத்திரிப் பலகைதான் கண்ணில் படுகிறது. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். ஆரல்வாய்மொழி தாண்டினால் திருநெல்வேலி. படித்த வாடிக்கையாளர், நிறையக் கடைகள், பக்கத்திலேயே வேறு சந்தைகள். பாடப்புத்தகம் போட்டிக்குக் கேட்பதெல்லாம் இங்கே இருக்கிறது. ஆனாலும் ஒரு ஆபரேஷன் என்றால் நகையை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகும் குடும்பங்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

போட்டி எப்படி வேலை செய்யும் என்பதைப் பார்க்கக் குளச்சலுக்கோ முட்டத்துக்கோ விடிகாலையில் போனால் போதும். வள்ளம் கரைக்கு வந்ததும் மீன் ஏலத்துக்கு வருகிறது. ஏலம் கேட்பவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று அவரிடம் விற்க முடியாது. விலை ஒத்துவரவில்லையென்றால் அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். இன்றைக்கு வாங்காமலே திரும்பினாலும் அவர் உயிருக்கு ஒன்றும் ஆகாது. பொருளைப் பற்றித் தெரியும், வேண்டாம் என்று சொல்ல முடியும், காசு அவர் கையிலிருந்து போகிறது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் போட்டி விலையை இறக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் இந்த மூன்றுமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் மூன்று இடத்தில் விலை விசாரிக்க மாட்டார்கள். என்ன வாங்க வேண்டும் என்பதையே விற்கிறவர்தான் நமக்குச் சொல்கிறார். கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். எப்போது நோய் வரும் என்று தெரியாது, எந்த வைத்தியம் கேட்கும் என்று தெரியாது, தெரிந்தவர் ஒருவர்தான், அவரே விற்பவராகவும் இருக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் சாதாரணச் சந்தையின் கணக்கு ஓடாது என்றார். மருத்துவத்தில் நம்பிக்கை, தொழில் தர்மம், அரசு விதி எல்லாம் இவ்வளவு பெரிய இடம் பிடித்திருப்பது, சந்தையில் விழுந்த அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் என்பது அவர் பார்வை. அறுபது ஆண்டு கடந்த பின்பும் மருத்துவப் பொருளாதாரம் படிப்பவர்கள் அந்தக் கட்டுரையில்தான் தொடங்குகிறார்கள்.

சரி, நமக்கு மருத்துவம் தெரியாவிட்டாலும் ஊர் சொல்லுமே என்று கேட்கலாம். ஊர் சொல்லத்தான் செய்கிறது. "அவருக்குக் கைராசி" என்ற ஒரு சொல்லில் நம் ஆட்கள் ஒரு டாக்டருக்கு மார்க் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பக்கத்து வர்ம ஆசான்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது இப்படிப்பட்ட ஊர்ப்பேச்சில்தான். கை முறிந்தால் யாரிடம் போவது என்று பாட்டாவுக்குத் தெரிந்திருக்கும். எலும்பு கூடியதா, கை நேராக நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியும், அதனால் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. ஆனால் பெரும்பாலான காய்ச்சலும் இருமலும் யார் மருந்து தந்தாலும் நான்கைந்து நாளில் தானாக அடங்கிவிடும். அந்த நாளில் கையில் இருந்த மாத்திரைக்கும் அதை எழுதித் தந்தவருக்கும் பேர் போய்ச் சேரும். ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பின் எத்தனை பேருக்குப் புண் சீழ் பிடித்தது, எத்தனை பேர் திரும்பவும் அட்மிட் ஆனார்கள் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. அதைக் கைராசி சொல்லாது. தரம் தெரியாத இடத்தில், விலை குறைவு என்றாலே நமக்குச் சந்தேகம் வருகிறது. "அங்கே சீப்பு" என்பதை ஆஸ்பத்திரி விஷயத்தில் யாரும் பாராட்டாகச் சொல்வதில்லையே.

அதற்காக ஆஸ்பத்திரிகள் போட்டி போடாமல் இல்லை. விலையில் போட்டி போடுவதில்லை, அவ்வளவுதான். கட்டடத்தில் போடுகின்றன, ஏ.சி. அறையில் போடுகின்றன, புது மெஷினில் போடுகின்றன. ஒரு ஆஸ்பத்திரி புதுசாக ஒரு ஸ்கேன் மெஷின் இறக்கினால், எதிரில் இருப்பவரும் கடன் வாங்கி ஒன்று இறக்க வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் டாக்டரும் வரமாட்டார், நோயாளியும் வரமாட்டார். அப்புறம் அந்தக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டும், அதற்கு மெஷின் ஓட வேண்டும். கட்டில் போட்டால் அது நிரம்பும் என்று மில்டன் ரோமர் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் 1960 வாக்கில் கண்டு சொன்னது இதன் இன்னொரு முகம். மற்ற தொழிலில் சரக்கு கூடினால் விலை இறங்கும். இங்கே சரக்கு கூடினால் தேவையும் சேர்ந்து கூடிவிடுகிறது, ஏனென்றால் தேவையைத் தீர்மானிப்பவரும் சரக்கை வைத்திருப்பவரும் ஒரே ஆள்.

பிரசவத்தைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். தனியாரில் ஒருவருக்கொருவர் போட்டி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? இந்த வித்தியாசம் முழுக்கக் காசுக்காக வந்தது என்று நான் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துக் குழந்தை வேண்டும் என்று கேட்கும் குடும்பங்களும் உண்டு, வலிக்குப் பயப்படும் பெண்களும் உண்டு, ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் வரும் என்று பயப்படும் டாக்டர்களும் உண்டு. ஆனால் போட்டி கூடினால் செலவு குறையும் என்ற வாதத்துக்கு இந்த எண் எந்த வகையிலும் துணை நிற்காது. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 சுற்றில், பிரசவம் நீங்கலாக ஒரு தடவை அட்மிட் ஆனால் நாடு முழுக்கச் சராசரிச் செலவு அரசு ஆஸ்பத்திரியில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய் என்று வந்தது. ஏழு மடங்கு.

இப்போது அம்மாவின் சீட்டுக்கு வருகிறேன். ஸ்கேன் சென்டர்களுக்கு இடையில் இருப்பது கடுமையான போட்டி. ஆனால் அவர்கள் போட்டி போடுவது என் அம்மாவைப் பிடிக்க அல்ல, சீட்டு எழுதும் கையைப் பிடிக்க. ஸ்கேன் எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் டாக்டர், காசு கட்டுபவர் நோயாளி. விலையைக் குறைக்கும் சென்டருக்கு ஆள் வராது, கமிஷனைக் கூட்டும் சென்டருக்கு வரும். கமிஷனைக் கூட்ட வேண்டுமென்றால் விலையையும் கூட்டத்தான் வேண்டும். ஆக, இங்கே போட்டி கூடக் கூட விலையும் கூடும். நோயாளியை அனுப்பிவைத்ததற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கமிஷன் வாங்காத, அந்தப் பேச்சையே வெறுக்கும் டாக்டர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் சிலரிடம்தான் எங்கள் குடும்பம் இத்தனை காலம் வைத்தியம் பார்த்தது. அவர்களையும் இந்த ஏற்பாடு தலைகுனிய வைக்கிறது.

மருந்துக் கடையிலும் இதே கதைதான், கொஞ்சம் மாற்றத்தோடு. கடைவீதியில் நான்கு கடைக்கு ஒரு கடையில் 15 சதவீதம் தள்ளுபடி, 20 சதவீதம் தள்ளுபடி என்று பலகை தொங்குகிறது. மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு அதனால் பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. மாத்திரையின் பெயர் தெரியும், அவசரம் இல்லை, எந்தக் கடையில் வாங்கினாலும் அதே அட்டை. ஏலக்காரரின் மூன்று நிபந்தனையும் இங்கே ஓரளவு பொருந்துகிறது, அதனால் போட்டியும் வேலை செய்கிறது. ஆனால் தள்ளுபடி அட்டையில் அச்சடித்த விலையிலிருந்துதான். அந்த விலையை யார் வைக்கிறார்கள்? ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிக்கும்போது விலை இறங்கத்தானே வேண்டும்? கம்பெனிகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலை இறங்கத்தான் செய்கிறது, சில சமயம் அடிமட்டத்துக்கே இறங்குகிறது. அச்சடிக்கும் விலை மட்டும் மேலேயே நிற்கிறது. இடையில் இருக்கும் லாபம் எந்தக் கம்பெனி அட்டையில் அதிகமோ அதைக் கடை முன்னால் எடுத்து வைக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் வெளியிட்ட மருத்துவக் கொள்கைக் குறிப்பிலும் மருந்து வியாபாரத்தின் இந்த உயர்ந்த லாப விகிதம் பேசப்பட்டது. சீட்டில் எழுதிய பிராண்டுக்குப் பதில் அதே மருந்தின் வேறு பிராண்டைத் தரக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்துப் பிரதிநிதிகள் பையோடு டாக்டர் அறைக்கு வெளியே வரிசையாக நிற்பதன் காரணம் அதுதான்.

அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாயான ஸ்டென்ட்டில் நடந்ததை நாடே பார்த்தது. பல நாட்டுக் கம்பெனிகள், பல மாடல்கள், நல்ல போட்டி. ஆனாலும் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சத்தைத் தாண்டி விற்றது. எதை வைப்பது என்று தீர்மானிக்கும் ஆஸ்பத்திரிக்கு அதிக லாபம் தருவதில்தான் கம்பெனிகள் போட்டி போட்டன. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசாத சாதா ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய். ஒரே நாளில் இறங்கியது. போட்டி பல வருஷம் செய்யாததை ஒரு அரசாணை செய்தது. அறை வாடகைக்கும் டாக்டர் கட்டணத்துக்கும் அப்படி வரம்பு இல்லை என்பதால் மொத்த பில் அதே அளவுக்கு இறங்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் போட்டி மருத்துவத்தில் எங்குமே உதவாதா? உதவும். உதவிய இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கண்புரை ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஆபரேஷன் செய்யும் இடமாக வளர்ந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவில் வந்துகொண்டிருந்தபோது, 1992இல் தொடங்கிய அவர்களின் ஆரோலேப் அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. பணம் கட்டுபவர்கள் கட்டும் தொகையில் கட்ட முடியாதவர்களுக்கும் பார்க்கிறார்கள். குமரி மாவட்டத்தில் முகாம் நடந்தால் பஸ்ஸில் ஏற்றித் திருநெல்வேலி கிளைக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதை என் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால், அதே ஆபரேஷனுக்கு மற்ற கண் ஆஸ்பத்திரிகள் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது.

கண்புரையில் ஏன் இது நடந்தது? அவசரம் இல்லை, இந்த மாதம் இல்லையென்றால் அடுத்த மாதம் செய்யலாம். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே ஆபரேஷன். பலன் மறுநாளே தெரிந்துவிடும். கட்டு அவிழ்த்ததும் பேரன் முகம் தெரிகிறதா இல்லையா என்று பாட்டியே சொல்லிவிடுவாள். பல் செட், மூக்குக்கண்ணாடி, ரத்தப் பரிசோதனை, இப்படி முன்கூட்டியே திட்டமிடக் கூடிய சில வைத்தியங்களுக்கும் இது பொருந்தும். மாரடைப்பு, பக்கவாதம், ரோட்டில் அடிபடுவது, புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. வீட்டை விற்க வைக்கும் பெரிய செலவெல்லாம் இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் உதவியது கலிஃபோர்னியாவின் அனுபவம். 1980களின் தொடக்கத்துத் தகவல்களை வைத்து அமெரிக்காவில் ஆய்வு செய்தவர்கள், ஆஸ்பத்திரிகள் நெருக்கமாக இருந்த ஊர்களில் செலவு கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். மேலே நான் சொன்ன மெஷின் போட்டிதான். 1982இல் கலிஃபோர்னியாவில் சட்டம் மாறியது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கேட்டதைக் கொடுக்க வேண்டியதில்லை, விலை பேசி, ஒத்துவருபவர்களோடு மட்டும் ஒப்பந்தம் போடலாம் என்றானது. அதற்குப் பின் அதே மாநிலத்தில், ஆஸ்பத்திரிகள் நெருக்கமாக இருந்த இடங்களில்தான் செலவு மெதுவாக ஏறியது. ஆஸ்பத்திரிகள் அதே ஆஸ்பத்திரிகள், போட்டியும் அதே போட்டி. மாறியது எதிரில் உட்கார்ந்து விலை பேசிய ஆள். பயந்துபோன ஒரு நோயாளிக்குப் பதிலாக, லட்சம் பேரின் சார்பில், தகவலும் நேரமும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பேசினார்.

கடற்கரைக்காரர்களுக்கு இதை அமெரிக்காவிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தனித்தனியாக நின்றபோது மீனவர் தரகரிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏலம் இருந்தது, கேட்பவர்களும் இருந்தார்கள், ஆனால் கடன்பட்டவனுக்கு அந்த ஏலத்தால் என்ன பலன்? ஊர் ஊராகச் சங்கம் அமைத்து, முதல் விற்பனையைச் சங்கத்தின் கையில் எடுத்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அந்தச் சங்கங்களுக்குத் தலைமை அமைப்பாக 1980இல் திருவனந்தபுரத்தில் உருவான மீனவர் சங்கக் கூட்டமைப்பில் குமரிக் கடற்கரையும் சேர்ந்தது. போட்டியால் பலன் பெற, முதலில் சேர்ந்து நிற்க வேண்டியிருந்தது.

மருந்து விஷயத்தில் தமிழ்நாடு இதை எப்போதோ செய்துவிட்டது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலத்தின் அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டெண்டரில் மருந்து வாங்குகிறது. முதலில் கம்பெனியின் தகுதியைப் பார்ப்பார்கள், அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும்தான் பிரிப்பார்கள். வந்த மருந்தை லேபுக்கு அனுப்பிச் சோதித்த பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பிராண்டுப் பெயர் கிடையாது, மருந்தின் பெயர் மட்டும்தான். பின்னர் பல மாநிலங்கள் பின்பற்றிய முறை இது. இதுவும் சந்தைப் போட்டிதான், அதுவும் நல்ல கடுமையான போட்டி. ஆனால் வாங்குபவருக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியும். அதே கழகம் அரசு ஆஸ்பத்திரிகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாயும் எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாயும் கட்டணம் வைத்தது. வெளியில் எம்.ஆர்.ஐ.க்கு என்ன கேட்பார்கள் என்று இந்தக் கட்டுரை படிக்கும் பலருக்கும் தெரிந்திருக்கும்.

அதனால்தான் என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்கு இருக்கும் உண்மையான போட்டி எதிர் ரோட்டில் உள்ள இன்னொரு தனியார் ஆஸ்பத்திரி அல்ல, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் என்பேன். 2001இல் அது வந்த பிறகு, "நான் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்க்கொள்கிறேன்" என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. அப்படிச் சொல்ல முடிகிற அளவுக்குத்தான் நமக்கு விலை பேசும் பலம். அங்கே ஒரு மெஷின் பழுதாகி நின்றாலோ, ஒரு சிறப்பு மருத்துவர் இடம் காலியாகவே கிடந்தாலோ, அந்தச் சிகிச்சைக்கு வெளியில் விலை பேசும் பலமும் போய்விடும். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜும் புற்றுநோய் மையமும் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிலையமும் இவ்வளவு காலம் எங்கள் மக்களுக்குச் செய்ததும் இதைத்தான். ஸ்ரீ சித்திரையில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான இதய வால்வு 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை மட்டுமே நம்பியிருந்த நிலை அதோடு மாறியது.

மலிவு மட்டுமே குறியானால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1991இல் அரசு ஆஸ்பத்திரிகளை ஒன்றோடொன்று விலையில் போட்டி போட விட்டார்கள். தரத்தைப் பற்றிய தகவல் அப்போது வெளியில் அதிகம் இல்லை. போட்டி அதிகமாக இருந்த பகுதிகளில் மாரடைப்பு நோயாளிகளின் இறப்பு கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். காத்திருக்கும் நாட்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததால் அதைக் குறைத்தார்கள், தெரியாததில் கைவைத்தார்கள். 2006 வாக்கில் முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் விலையை அரசே நிர்ணயித்துவிட்டு, நோயாளி தனக்கு வேண்டிய ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. விலையில் மோத முடியாததால் தரத்தில் மோதினார்கள். இந்தத் தடவை போட்டி இருந்த இடங்களில் இறப்பு குறைந்தது.

நம்முடைய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் விலையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் முறைதான். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, இன்று ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் அந்த விலைக்கே செய்ய வேண்டும். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14இல் 64 சதவீதமாக இருந்தது 2021-22இல் 39 சதவீதமாகக் குறைந்ததாகத் தேசிய மருத்துவக் கணக்குகள் சொல்கின்றன. அரசுச் செலவு கூடியதும் இப்படிப்பட்ட திட்டங்களும் அதில் ஒரு பங்கு. விலையை ரொம்பக் குறைத்து வைத்தால் ஆஸ்பத்திரிகள் ஒதுங்கிவிடும், ஒதுங்காதவர்கள் தரத்தில் கைவைப்பார்கள் என்ற ஆபத்தும் உண்டு. கணவனும் மனைவியும் டாக்டராக இருந்து நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குத்தான் இதில் மூச்சு முட்டும். அவை மூடிப்போனால் மிச்சம் இருப்பது பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டும். அப்புறம் போட்டியைப் பற்றிப் பேசவே ஒன்றும் இருக்காது.

எனக்குக் கவலையாக இருப்பது அந்த வருமான வரம்புக்குக் கொஞ்சம் மேலே நிற்பவர்கள். இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர், தனியார் பள்ளி ஆசிரியை, வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து கடை வைத்திருப்பவர். அரசுக் காப்பீட்டு அட்டையும் இல்லை, பெரிய இன்சூரன்ஸும் இல்லை. இவர்களுக்காக விலை பேச ஆளே கிடையாது. இவர்களும் தங்கள் காசைக் கட்டினால்தான் பார்த்துச் செலவு செய்வார்கள் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் 1970களில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து இதைச் சோதித்தது. கைக்காசு போட்டவர்கள், முழுக்க இலவசமாகப் பெற்றவர்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாகச் செலவு செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் தேவையில்லாத வைத்தியத்தை எந்த அளவுக்குக் குறைத்தார்களோ, தேவையானதையும் அதே அளவுக்குக் குறைத்தார்கள். நம் வீடுகளில் இது எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மாதக் கடைசியில் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள்.

கட்டணப் பலகை வைத்தால் போதுமா? பக்கத்துக் கேரளத்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணங்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறது. நல்ல தொடக்கம். அமெரிக்காவில் 2021 ஜனவரி முதல் ஆஸ்பத்திரிகள் விலையை இணையத்தில் போட வேண்டும் என்று விதி வந்தபோது, பலரும் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கோப்புகளைத்தான் போட்டார்கள். பஞ்சுக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் அதை வைத்து யாரால் ஒப்பிட முடியும்? நமக்கு வேண்டியது மொத்தத் தொகை. குடலிறக்க ஆபரேஷனுக்கு அட்மிட் முதல் தையல் பிரிப்பது வரை எவ்வளவு, அதில் எது சேராது என்று ஒரே வரியில் தெரிய வேண்டும். மாவட்ட நிர்வாகம் அடிக்கடி நடக்கும் நாற்பது, ஐம்பது சிகிச்சைகளுக்கு இந்தத் தொகையை ஆஸ்பத்திரிவாரியாக வாங்கித் தமிழில் வெளியிடலாம். ஆபரேஷனுக்குப் பின் சீழ் பிடித்த கணக்கையும் பக்கத்தில் போடலாம். கமிஷனை நிறுத்தும் விதி ஏற்கனவே இருக்கிறது, அதைச் செயல்படுத்தினால் போதும்.

அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவே இல்லை. இன்னொரு எலும்பு மருத்துவர் பழைய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தேய்மானம்தான், பயிற்சி செய்யுங்கள் என்று இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அம்மா இப்போது கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கியபடியேதான் சீரியல் பார்க்கிறாள்.

இந்த ஆவணியில் அத்தானுக்குக் குடலிறக்க ஆபரேஷன் வந்தது. அவசரம் இல்லை, ஒரு மாதம் தள்ளிப் போடலாம் என்று டாக்டர் சொன்னதால் விசாரிக்க நேரம் கிடைத்தது. நான்கு ஆஸ்பத்திரிகளில் மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதித் தரக் கேட்டோம். ஒரு இடத்தில், "அதெல்லாம் உள்ளே போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்கள். இரண்டு இடத்தில் வாயால் ஒரு தொகை சொன்னார்கள், எழுதித் தர முடியாது என்றார்கள். ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்துத் தந்தார்கள். வாயால் சொன்னவர்களில் ஒருவர் அவர்களைவிட மூவாயிரம் ரூபாய் குறைவாகத்தான் சொல்லியிருந்தார். எழுதித் தந்த இடத்தில்தான் அத்தான் ஆபரேஷன் செய்துகொண்டார். டிஸ்சார்ஜ் அன்றைக்கு பில்லை வாங்கி அந்தத் தாளோடு வைத்துப் பார்த்தோம். வெளியிலிருந்து வாங்கிய ஒரு மருந்துக்காக 640 ரூபாய் கூடியிருந்தது.